கிடங்கு கட்டினால் விலை கிடைத்துவிடுமா?

வேளாண்மையைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் மறுப்பே எழாமல் சொல்லிவிடக்கூடிய ஒரு கருத்து உண்டு. விளைந்ததை வைத்துக்கொள்ள இடமில்லாததால்தான் சிறு விவசாயி அறுத்த கையோடு அடிமாட்டு விலைக்கு விற்கிறார். ஊருக்கு ஒரு கிடங்கும் வட்டாரத்துக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கும் கட்டிவிட்டால், விலை ஏறும்வரை காத்திருந்து விற்பார், வீணாவதும் நிற்கும், வருமானமும் கூடும் என்பது அந்தக் கருத்து. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வங்கி அதிகாரி, செய்தித்தாளின் தலையங்கம் எல்லாரும் இதில் ஒன்றுபடுகிறார்கள். ஒன்றிய அரசு 2020இல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு அறிவித்த வேளாண் உள்கட்டமைப்பு நிதிக்கும், கூட்டுறவுத் துறையில் 700 லட்சம் டன் கொள்ளளவுக்குக் கிடங்கு கட்ட 2023 மே மாதம் ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கும் பின்னால் இருப்பது இந்த நியாயம்தான். கேட்பதற்கு நேர்மையாகவும் செய்வதற்கு எளிதாகவும் தோன்றுகிற இந்தக் கருத்து, நோயைத் தவறாகக் கண்டறிந்திருக்கிறது என்பது என் வாதம். சிறு விவசாயி அறுவடையன்றே விற்பது மூட்டையை வைக்க இடமில்லாததால் அல்ல. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பணம் கையில் இல்லாததால். இதைக் காணாமல் கட்டப்படும் கிடங்கில் கடைசியில் சேர்வது, அவரிடமிருந்து வாங்கியவரின் சரக்கு.

முதலில் அந்தக் கருத்து ஊன்றி நிற்கும் எண்ணைப் பார்ப்போம். இந்தியாவில் விளையும் காய்கனிகளில் நாற்பது விழுக்காடு அழுகிப் போகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் லூதியானாவில் இயங்கும் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் நாடு முழுதும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், காய்கனி இழப்பு பயிருக்குப் பயிர் ஏறத்தாழ நாலரை முதல் பதினாறு விழுக்காடு வரை இருந்தது. மிக அதிகம் கொய்யாவில், 15.88. தக்காளியில் 12.44. தானியங்களில் ஆறு விழுக்காட்டைத் தாண்டவில்லை. நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022இல் முடித்த அடுத்த ஆய்வில் இந்த எண்கள் மேலும் சற்று இறங்கின. அந்த இழப்பின் மதிப்பு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அதைச் சிறிதென்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் எந்த இடத்தில் இழக்கிறோம் என்று கேட்டால்தான் விஷயம் தெளிவாகும். 2015 ஆய்வின்படி நெல்லில் இழப்பு 5.53 விழுக்காடு. அதில் சேமிப்பில் போவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றதெல்லாம் அறுப்பதில், அடிப்பதில், தூற்றுவதில், காயவைப்பதில், ஏற்றி இறக்குவதில் போகிறது. காய்கனியிலும் பறிப்பதிலும் தரம் பிரிப்பதிலும் நேரும் சேதமே பெரும்பங்கு. நாட்டில் இன்னும் கட்ட வேண்டிய கிடங்குகளையெல்லாம் ஒரே இரவில் கட்டி முடித்தாலும் இந்தப் பெரும்பங்கு அப்படியே இருக்கும். மலாவி, உகாண்டா, தான்சானியா நாடுகளில் விவசாயிகளிடமே கேட்டு எடுத்த கணக்கிலும், மக்காச்சோளத்தில் அவர்கள் சொன்ன இழப்பு ஆறு விழுக்காட்டுக்குள்தான் இருந்தது. அதுவரை உலக மேடைகளில் சுற்றிவந்த எண்களைவிட மிகக் குறைவு. தன் தானியத்தைத் தன் வீட்டில் வைத்திருப்பவர் அதைக் கெடவிடுவதில்லை என்பதில் வியக்க என்ன இருக்கிறது?

சேமிக்கத் தெரியாத சமூகமும் அல்ல இது. தஞ்சை வீடுகளில் பத்தாயம் இருந்தது. மண்ணால் வனைந்த குதிரும் தொம்பையும் சாதாரணக் குடியானவர் வீட்டிலும் இருந்தன. விதைநெல்லை வைக்கோற்புரியால் இறுக்கிக் கோட்டை கட்டி அடுத்த பட்டம்வரை காத்தார்கள். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அடியில் காற்றுப் புக இடம்விட்டு, பக்கங்களில் குச்சிகளால் அடைத்து, மேலே கூரை வேய்ந்த அந்தப் பட்டறையில் வெங்காயம் சில மாதம் தாங்கும். அரசின் மானியம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஏற்பாடுகள் இருந்தன. குதிரும் பத்தாயமும் வீடுகளிலிருந்து மறைந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் போதாமை அல்ல. வீட்டில் தங்குகிற நெல் இல்லாமல் போனது. உரம், பூச்சிமருந்து, டிராக்டர் வாடகை, அறுப்பு மிஷின் வாடகை, ஆள் கூலி என்று சாகுபடியின் ஒவ்வொரு படியும் ரொக்கமாகிவிட்ட பிறகு, விளைச்சல் களத்திலிருந்தே கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிந்துவிடுகிறது. சாப்பாட்டு நெல்லைக்கூட வைத்துக்கொள்ளாமல் விற்பவர்கள் பலர். ரேஷன் அரிசி இருப்பதால்தான் அவர்களால் அப்படி விற்க முடிகிறது. தமிழ்நாட்டில் சிறு விவசாயக் குடும்பத்தின் உண்மையான பத்தாயம் இன்று நியாயவிலைக் கடைதான். அது பழுதில்லாமல் இயங்குவது எந்தக் கிடங்குத் திட்டத்தையும்விட அவர்களுக்கு முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த ரொக்கத் தேவையின் அளவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலவுடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை; சராசரி உடைமை 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2019இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798 ரூபாய் மட்டும். பாதிக் குடும்பங்கள் கடனில் இருந்தன. சராசரிக் கடன் 74,121 ரூபாய். இத்தகைய குடும்பம் ஒன்று காத்திருந்து விற்பதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துக் குவிண்டால் நிலக்கடலை கைக்கு வந்திருக்கிறது, அறுவடை நேரத்து விலை குவிண்டால் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000. உரக்கடைக்கும் வட்டிக்காரருக்கும் சேர்த்து 40,000 ரூபாய் பாக்கி, நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி. நான்கு மாதம் காத்திருந்தால் வட்டி மட்டும் 4,800. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, கிடங்கு வாடகை எல்லாம் சேர்த்து 1,500 என்றே குறைத்து வைப்போம். காய்ந்து எடை இறங்குவது நூற்றுக்கு மூன்று கிலோ. ஆக, நான்கு மாதம் கழித்து விலை 6,835 ரூபாய்க்கு ஏறியிருந்தால்தான் இவர் அறுவடையன்று விற்றிருந்தால் இருந்திருக்கும் நிலைக்கே வருவார். அதற்கு மேல் வருவதுதான் லாபம், குறைந்தால் நட்டம். கிடங்கு வாடகையை முழுதுமாகத் தள்ளுபடி செய்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. வட்டியைத் தொட்டால்தான் மாறும். அதே 40,000 ரூபாயை, மூட்டைகளை ஈடாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டு வட்டியில் ஒருவர் கொடுத்தால், நான்கு மாத வட்டி 700 ரூபாய்க்குள் அடங்கும். 6,410 ரூபாய் வந்தாலே முதலுக்கு மோசமில்லை. பாரம் முழுவதும் வட்டியில் இருக்கும்போது சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. மேற்குக் கென்யாவில் ‘ஒன் ஏக்கர் ஃபண்ட்’ என்ற அமைப்போடு சேர்ந்து மார்ஷல் பர்க், லாரன் பெர்க்விஸ்ட், எட்வர்ட் மிகல் ஆகிய பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். அங்கும் சிறு விவசாயிகள் அறுவடையில் மலிவாக மக்காச்சோளத்தை விற்று, பஞ்சமாதங்களில் அதையே கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். அறுவடையை ஒட்டி வரும் பள்ளிக் கட்டணம் அந்த விற்பனைக்கு ஒரு பெருங்காரணம். ஆய்வாளர்கள் கிடங்கு எதையும் கட்டவில்லை. அவரவர் வீட்டிலேயே வைத்திருந்த மக்காச்சோள மூட்டைகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டி, அவற்றை ஈடாகக் கொண்டு அறுவடை நேரத்தில் சிறு கடன் கொடுத்தார்கள். கடன் பெற்றவர்கள் மூட்டைகளை வைத்திருந்து பின்னால் விற்றார்கள். கடனாக வாங்கிய தொகையின் மீது 29 விழுக்காடு ஆதாயம் கிடைத்தது. இந்தக் கடன் பரவலாகச் சென்ற இடங்களில் அறுவடைக்கால விலை அவ்வளவாகச் சரியவில்லை, பஞ்சமாத விலை அவ்வளவாக ஏறவுமில்லை. அதனால் கடன் வாங்காத அக்கம்பக்கத்தாருக்கும் பலன் போய்ச் சேர்ந்தது. விவசாயிக்கு மூட்டையை வைத்துக் கடன் கொடுத்தால் பதுக்கல் பெருகும் என்று நம் ஊரில் எழும் அச்சத்துக்கு இந்த ஆய்வின் பதில் இது: ஆயிரம் பேர் பத்துப்பத்து மூட்டையாக வைத்திருந்து வெவ்வேறு வாரங்களில் விற்றால் சந்தை சீராகிறது. பத்துப்பேர் ஆயிரம் ஆயிரம் மூட்டையாக வைத்திருக்கும்போதுதான் விலை அவர்கள் கைக்குப் போகிறது.

கிடங்கு வாதம் மிகவும் தவறாகப் பொருத்தப்படும் இடம் காவிரிப் படுகை. ஒவ்வோர் ஆண்டும் மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லின் படம் வெளியாகும்போது, ‘இத்தனை ஆண்டாகியும் கிடங்கு கட்டவில்லை’ என்ற கோபம் எழுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது இரண்டு வேறு நெல். ஒன்று, நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கி, பணம் கொடுத்து, திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு அடுக்கிவைத்த நெல். அது அரசின் சொத்து. அதற்குக் கிடங்கு வேண்டும், விரைவாக ஆலைக்கு நகர வேண்டும், இதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. மற்றது, கொள்முதல் நிலைய வாசலில் இன்னும் வாங்கப்படாமல் குவிந்து கிடக்கும் நெல். நட்டப்படும் விவசாயியின் நெல் இதுதான். இதற்குக் கிடங்கு கட்டி என்ன பயன்? அரசு தரும் விலை பருவம் முழுதும் ஒன்றே. 2025-26இல் ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. அக்டோபரில் விற்றாலும் பிப்ரவரியில் விற்றாலும் அதே விலை. வைத்திருந்து விற்பதால் ஒரு ரூபாயும் கூடாது. எடைதான் குறையும், வட்டிதான் ஏறும். இவருக்கு வேண்டியது கொண்டுவந்த அன்றே எடைபோட்டு வாங்கும் நிலையம்.

அதற்குத் தடையாக நிற்பது ஈரப்பதம். கொள்முதலுக்கான வரம்பு 17 விழுக்காடு; மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், 19 என்றும் 20 என்றும் தளர்த்தியதுண்டு. அந்தத் தளர்வு வந்து சேரும்வரை நெல் வாசலிலேயே கிடக்கும். இந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கை அறுப்புக் காலத்தில் அரிந்த தாள் வயலில் ஒன்றிரண்டு நாள் காய்ந்தது. கட்டுக் கட்டிக் களத்துக்கு வந்து அடிக்கப்பட்டது. அதன் பின்னும் களத்தில் பரப்பிக் காயவைத்தார்கள். ஆள் பற்றாக்குறையில் அறுப்பு மிஷின் வந்தபோது இந்த இடைவெளி முழுவதும் மறைந்தது. மிஷின் காலையில் வயலில் இறங்கினால் மதியம் ஈரநெல் டிராக்டரில் ஏறிவிடுகிறது. மிஷின் ஊருக்கு வந்திருக்கும் அதே வாரத்தில் எல்லா வயலும் அறுபடுகின்றன, ஏனென்றால் அது அடுத்த ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வர நாளாகும். களங்கள் சுருங்கிவிட்டன, சாலையோரம்தான் இன்று பலருக்குக் களம். போதாக்குறைக்குக் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கிறது. உறக்கக்காலம் அதிகம் இல்லாத குறுகியகால ரகங்கள் நான்கு நாள் நனைந்தால் குவியலிலேயே முளைவிட்டுவிடும். கொள்முதல் ஆண்டு அக்டோபரில் தொடங்கியதை 2022 முதல் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்னே கொண்டுவந்தது பயனுள்ள முடிவு. அந்த ஒரு மாதம் எத்தனையோ பேரைக் காத்தது. அதற்கு அடுத்த படி கொள்முதல் நிலையத்துக்கு உலர்த்தும் எந்திரம் வருவதுதான். ஈரநெல்லை எடுத்துக்கொண்டு, ஈரத்துக்கு உரிய எடையைக் கழித்து, அன்றே ரசீது கொடுத்து, உலர்த்தும் வேலையை நிலையமே செய்தால் வாசலில் நெல் குவியாது. நூறு கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் எந்திரம் வைப்பதற்கும் நூறு கிடங்கு கட்டுவதற்கும் செலவு ஒன்றாகவே இருந்தாலும் முன்னதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஈரநெல்லைக் கிடங்கில் அடைத்தால் சூடேறிப் பழுத்துப்போகும். கூரை அதைக் காப்பாற்றாது.

அரசு விலை இல்லாத பயிர்களுக்காவது கிடங்கு வாதம் பொருந்தும் அல்லவா என்று கேட்கலாம். பொருந்த வேண்டும்; ஆனால் காத்திருப்பவர் எதை நம்பிக் காத்திருப்பது? 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய ஈரோட்டு மஞ்சள், 2012இல் 5,000க்கும் கீழே இறங்கியது. இடையில் ஏறும் ஏறும் என்று மூட்டைகளைக் கிடங்கில் வைத்திருந்தவர்களின் இழப்பைக் கிடங்கு தடுக்கவில்லை. உருளைக்கிழங்கில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. நாட்டின் குளிர்பதனக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. பெரும்பாலும் உருளைக்கிழங்குக்காகவே கட்டியது. கிடங்கு இருந்தால் விலை கிடைக்கும் என்றால், அந்த மாநிலத்து உருளைக்கிழங்கு விவசாயிக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். 2017இல் விலை விழுந்தபோது நடந்தது வேறு. எடுத்து விற்றால் வாடகைக்கும் கட்டாது என்பதால் ஆக்ரா வட்டாரத்தில் பலர் தங்கள் மூட்டைகளை எடுக்கவே வரவில்லை. கிடங்குக்காரர்கள் அவற்றை வெளியே கொட்டினார்கள். 2018 ஜனவரியில் லக்னோவில் சட்டமன்றத்துக்கு முன்னால் உருளைக்கிழங்கைக் கொட்டிச் சென்றதும் அதன் தொடர்ச்சிதான். எல்லாரும் ஒரே கணக்கில் வைத்திருந்து ஒரே மாதத்தில் வெளியே எடுத்தால், அறுவடைக்கால வீழ்ச்சி நான்கு மாதம் தள்ளி நடக்கிறது, அவ்வளவே.

விலை உண்மையிலேயே ஏறுகிற ஆண்டில் நடப்பது இன்னும் வருத்தத்துக்குரியது. வெங்காய விலை ஏறத் தொடங்கியதும் அரசு அதை இறக்க முனைகிறது. 2020 செப்டம்பரில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி. அதே ஆண்டு டிசம்பரில் முழுத் தடை. அது நீங்கியபோது 2024 மே ஆகிவிட்டது. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சின்ன வெங்காயமும் இந்தத் தடையில் சிக்கிக்கொண்டது. வடக்கே பெரிய வெங்காயத்தின் விலையை அடக்கப் போட்ட உத்தரவு பெரம்பலூர்ப் பட்டறைக்காரரின் கழுத்தில் விழுந்தது. ஒருபக்கம் ‘சேமித்து வை, விலை ஏறும்போது விற்கலாம்’ என்று மானியம். மறுபக்கம் விலை ஏறியதும் தடை. இறங்கினால் நட்டம் முழுவதும் சேமித்தவருக்கு. ஏறினால் லாபம் பாதியில் வெட்டப்படும். நகரத்து ஏழைக்கு வெங்காயம் எட்டாத விலைக்குப் போகவிடலாமா என்ற கேள்வி மிகச் சரியானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர்களைக் காக்க வேண்டும். அதற்கு அறுவடை நேரத்தில் நல்ல விலைக்குப் போதுமான அளவு வாங்கி இருப்பு வைப்பதும், எந்த விலையைத் தாண்டினால் அந்த இருப்பு வெளியே வரும் என்பதை விதைப்புக்கு முன்பே அறிவித்துவிடுவதும் வழி. திடீரென்று துறைமுகத்தை மூடுவது நகரத்து ஏழையின் சுமையைக் கிராமத்து ஏழையின் தலையில் இறக்கி வைப்பது.

சந்தைக்குப் போய்ச் சேர முடியாததும் ஒரு காரணம் என்பார்கள். சந்தை தூரத்தில் இருப்பதால் தரகரிடம் விற்கிறார்கள். மின்னணுச் சந்தை வந்தால் இந்தியா முழுதும் உள்ள வியாபாரி அவர் சரக்கை ஏலம் கேட்பார் என்று 2016 ஏப்ரலில் ஈ-நாம் தொடங்கப்பட்டது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைக் கூடங்கள் அதில் இணைந்திருக்கின்றன. ஆனாலும் அதில் நடக்கும் வணிகத்தில் மிகப் பெரும்பகுதி, அதே கூடத்துக்கு நேரில் வந்து சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்கும் அதே உள்ளூர் வியாபாரிகளுக்குள்தான். தரத்தை நம்பத்தக்க முறையில் சோதித்துச் சான்று தராதவரை தூரத்து வியாபாரி கேட்கமாட்டார். கேட்டாலும், மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி வேறு இடத்தில் விற்க முடியாது. விதைக்கும்போது பணம் கொடுத்தவருக்கே விளைந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மண்டிக்காரரைக் கொடியவராகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடு இரவில் மருத்துவச் செலவுக்குக் கேட்டாலும் பத்திரம் கேட்காமல் கொடுப்பவர் அவர்தான். சாக்கும் வண்டியும் அனுப்புபவரும் அவரே. வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் விட்டுவைத்த இடத்தில் அவர் நிற்கிறார், அதற்கான விலையைச் சரக்கின் விலையில் கழித்துக்கொள்கிறார். அந்த விலை பெரியது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றிலும் நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வுத்தாள் மதிப்பிட்டது.

இந்தப் பங்கைக் கூட்டிக் காட்டிய ஓர் ஏற்பாடு நம்மிடமே உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை. அது சேமிப்பை நம்பி எழவில்லை. காலையில் பறித்தது நண்பகலுக்குள் விற்றுத் தீர வேண்டும் என்பதே அதன் முறை. வாடகையில்லாக் கடை, அரசு தரும் தராசு, அன்றாடம் எழுதிப்போடும் விலை, விவசாயி என்பதற்கு ஓர் அடையாள அட்டை. பெரிய முதலீடு எதுவும் இல்லாமல் இது நின்றதற்குக் காரணம், விற்றவர் அன்றே பணத்தோடு வீடு திரும்பினார் என்பதுதான். எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. மஞ்சளையும் பருத்தியையும் தராசில் நிறுத்துச் சில்லறையாக விற்க முடியாது. ஆனால் சிறு விவசாயிக்கு எது உதவும் என்பதை அது காட்டுகிறது.

தனித்தனியாக நிற்பதால்தான் இந்தத் தொல்லை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த பதில். பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்க 2020இல் ஒன்றிய அரசு 6,865 கோடி ரூபாயில் திட்டம் கொண்டுவந்தது. சேர்வது நல்லது, அதற்கு மாற்று இல்லை. ஆனால் முந்நூறு உறுப்பினர்களின் சரக்கை வாங்கி வைத்து, ஆலைக்காரர் அறுபது நாள் கழித்துப் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்க நடைமுறை மூலதனம் வேண்டும். கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் கிடைக்கும் மானியம் இதற்குக் கிடைப்பதில்லை. அதனால் கிடங்கு வைத்திருக்கும் நிறுவனமும் தன் உறுப்பினருக்கு அன்றே பணம் கொடுக்க முடியாமல் போகிறது. உறுப்பினர் மண்டிக்கே திரும்புகிறார். தனிமனிதரை முடக்கிய அதே பணத்தட்டுப்பாடு, பெரிய அளவில் நிறுவனத்தையும் முடக்குகிறது.

ஆகவே பணத்தை அறுவடை நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத்தான் தேட வேண்டும். அது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் அல்ல. கிடங்குச் சட்டம் 2007இல் நிறைவேறி, ஒழுங்காற்று ஆணையம் 2010இல் செயலுக்கு வந்தது. பதிவுபெற்ற கிடங்கில் சரக்கை வைத்தால் கிடைக்கும் ரசீதை அடகுவைத்து வங்கியில் கடன் வாங்கலாம். விவசாயக் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு அறுவடைக்குப் பின் ஆறு மாதம்வரை பயிர்க்கடன் வட்டியிலேயே அது கிடைக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் நெடுநாளாக உண்டு. சரக்கின் மதிப்பில் முக்கால் பங்குவரை, ஆறு மாதத்துக்கு. இவ்வளவு இருந்தும் நடைமுறை என்ன? 2024 டிசம்பரில் ரசீதுக் கடனுக்கு ஆயிரம் கோடி ரூபாய் உத்தரவாத நிதியை ஒன்றிய அரசு தொடங்கியபோது அதிகாரிகள் சொன்ன கணக்கே போதும்: நாட்டின் வேளாண் கடன் மொத்தம் 21 லட்சம் கோடி ரூபாய், அதில் அறுவடைக்குப் பின் கொடுப்பது 40 ஆயிரம் கோடி, மின்னணு ரசீதின் பேரில் கொடுப்பது 4 ஆயிரம் கோடி. விதைக்கக் கடன் கொடுக்கிறோம், விற்கக் கடன் கொடுப்பதில்லை. விதைக்க வாங்கிய கடனே விவசாயியை அவசர விற்பனைக்குத் தள்ளுகிறது என்பதை நினைத்தால், இந்த விகிதம் எவ்வளவு கோணலானது என்று விளங்கும்.

ரசீதும் கடனும் இருந்தும் ஏன் போய்ச் சேரவில்லை என்பதில்தான் கிடங்கு ஆதரவாளர்களிடம் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. கிடங்கு ஊருக்குப் பக்கத்தில் இல்லாததால்தான் பத்து மூட்டைக்காரரால் ரசீது வாங்க முடியவில்லை. எனவே முதலில் கிடங்கு, பிறகு கடன் என்கிறார்கள். பாதி சரி. பத்து மூட்டையை இருபது கிலோமீட்டர் ஏற்றிச் சென்று, அங்கே காத்திருந்து, தரம் பார்த்து, வங்கிக்கு இன்னொரு நாள் அலைவதைவிட வாசலில் நிற்கும் வண்டிக்கு விற்பது மேல் என்று யாரும் முடிவெடுப்பார்கள். ஆனால் இதற்குத் தேவையான கூரை பெரும்பாலான ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் நகைக்கு ஈடாகச் சில மணி நேரத்தில் பணம் எண்ணிக் கொடுக்கிறது. அதே எழுத்தர், அதே முன்னறை, அதே பதிவேடு. ஓர் எடைத்தராசும் ஈரமானியும் சேர்த்துக் கொடுத்து, மூட்டைக்கும் அதே முறையில் கடன் தரச் சொன்னால், புதிய கிடங்கு எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கென்யாவில் செய்ததுபோல் உளுந்து, எள், நிலக்கடலை மூட்டைகள் சீட்டுக் கட்டி வீட்டிலேயே இருக்கலாம். ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு, ஊருக்குள் ஒருவரை ஒருவர் அறிந்த சங்கத்தில் அந்த அபாயம் முகமறியாத வங்கிக்கு இருப்பதைவிடக் குறைவு என்பதும், ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்கும் முறை மகளிர் குழுக்களில் நன்றாக நடந்திருக்கிறது என்பதும் பதில்.

இன்னொரு தடை காகிதம். காவிரிப் படுகையில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தனியார் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் ஏராளம். கொள்முதல் நிலையமும் சங்கமும் சிட்டா, அடங்கல் கேட்கின்றன; நிலத்தின் பெயரில் இருப்பவர் ஒருவர், விதைத்தவர் வேறொருவர். குத்தகைதாரருக்குக் கடனும் இல்லை, ரசீதும் இல்லை, நட்டஈடும் பெரும்பாலும் இல்லை. மூட்டையை ஈடாகக் கேட்கும்போது நிலப்பத்திரத்தை ஏன் கேட்க வேண்டும்? சாகுபடி செய்பவர் இவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பருவத்துக்கு மட்டும் தரும் சான்று போதும் என்று ஓர் அரசாணை போட்டால், எவருடைய நில உரிமையையும் அது தொடாது.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைசி மறுப்பு எப்போதும் அங்கேதான் வரும். கிடங்கு ஒருமுறைச் செலவு, கண்ணுக்குத் தெரிகிற சொத்து. வட்டி மானியம் ஆண்டுதோறும் கரைந்துபோகும் பணம் என்பார்கள். நூறு கோடி ரூபாயை அறுவடை நேரத்தில் நான்கு மாதக் கடனாகக் கொடுத்து, ஆறு விழுக்காட்டு ஆண்டு வட்டியை அரசே ஏற்றாலும் செலவு இரண்டு கோடி. மூலதனம் திரும்பி வந்து அடுத்த பட்டத்துக்குப் போகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் இதைச் செய்துபார்க்க லட்சம் கோடி தேவையில்லை. தேவைப்படுவது பலனை அளக்கும் அளவுகோலை மாற்றுவது. இன்று திட்டத்தின் வெற்றியை இத்தனை லட்சம் டன் கொள்ளளவு உருவாக்கினோம் என்று அறிக்கையில் சொல்கிறார்கள். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகளை வேளாண் துறை ஆண்டுதோறும் அச்சிடட்டும்: அந்தக் கிடங்குகளில் இருந்த சரக்கில் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவாகப் பயிரிடுவோரின் பெயரில் இருந்தது எவ்வளவு, அறுவடையான முப்பது நாளுக்குள் அவர்கள் கைக்குப் போன ஈட்டுக்கடன் எவ்வளவு.